கேப்டன் டிரிப்பின் மூக்கு

மூக்கு வரைவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, போதகர் ஐயா. எல்லாரும் மூக்கைக் கண்டுதான் பயப்படுவார்கள். உண்மையில் கஷ்டமானது காது. ஆனால் காதை யாரும் பார்ப்பதில்லை என்பதால் என்னைப் போன்றவர்கள் பிழைத்துக்கொள்கிறோம். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், கணப்பின் சூடு முழங்காலைச் சுடும். என் மனைவி கெசியா உங்களுக்காக ஆப்பிள் பை செய்து வைத்துவிட்டுத்தான் ஃபீபி அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வரும் ஞாயிறு ஆராதனையில், சபைக்கு முன்னால் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியது நானா, என் மனைவியா என்று தீர்மானிக்க வந்திருக்கிறீர்கள். உள்ளே நுழைந்ததும் கணப்புக்கு மேலே தொங்குகிற படத்தைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள், பிறகு உங்கள் தொப்பியைப் பார்த்தீர்கள். நீங்கள் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எழுந்து நிற்க வேண்டியவன் நான்தான். கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே அது விளங்கிவிடும்.

நான் வண்டியில் ஊர் ஊராகப் போய் முகம் வரைந்தவன். லெமுவேல் ஸ்ட்ராட் என்றால் அப்போது இந்தக் கடற்கரை முழுக்கத் தெரியும். பனிக்காலத்தில் வீட்டோடு அடைந்து கிடக்கும்போது உடம்புகளை வரைந்து வைத்துவிடுவேன். ஆணுக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துத்துணி, புத்தகத்தின் மேல் வைத்த இடது கை. பெண்ணுக்குக் கறுப்புப் பட்டு, லேஸ் வைத்த கழுத்து. தலை இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. வசந்தம் வந்ததும் அந்தத் தலையில்லாத கூட்டத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். வந்து உட்காரும் ஆளுக்குப் பொருத்தமாக ஓர் உடம்பை எடுத்து, மத்தியானத்துக்குள் தலையை வைத்துவிடலாம். அந்தக் காலத்து வண்டி ஓவியர்கள் பலரும் அப்படித்தான் செய்தோம்.

ஆகவே இந்த சால்ட்டர்ஸ் துறையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே கோட்டு, அதே கைதான். திமிங்கிலக் கொழுப்பு காய்ச்சுகிறவனுக்கும் அந்தக் கை, சபை மூப்பருக்கும் அந்தக் கை. யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தன் உடம்பு இன்னும் கொஞ்சம் லட்சணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்காத மனிதன் எங்கே இருக்கிறான்?

திமிங்கில வேட்டைக்குப் போகிற கப்பல் திரும்ப மூன்று வருஷம், நாலு வருஷம் ஆகும். ஆள் இல்லாவிட்டாலும் முகமாவது வீட்டில் இருக்கட்டும் என்று வரைந்து மாட்டிவிட்டுப் போவார்கள். இப்போது பாஸ்டனில் வெள்ளித் தகட்டில் முகத்தை அப்படியே பிடித்துக் கொடுக்கிறார்களாம். அப்போது அது கிடையாது. ஒருவனுடைய முகத்துக்கு நான் மட்டுமே சாட்சி. அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கேப்டன் ஒபெட் டிரிப் வடக்கே மெயின் மாநிலத்து ஆள். கெசியாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டில் அவர் இருந்தது ஒரே ஒரு பனிக்காலம். கப்பல் கிளம்புவதற்கு முந்தின வாரம் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் ஒரு பேச்சுக்கு. பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார்.

"யோவ், சீக்கிரம் முடிய்யா. கயிறெல்லாம் பாக்கணும் எனக்கு."

அவருடைய இடது கையில் சுண்டு விரல் பாதிதான் இருந்தது. அந்தப் பனிக்காலத்தில்தான் ஒரு கயிறு இழுத்து அறுத்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டு ஃபீபி அத்தைதான் கட்டுப் போட்டவள். "கையைப் பார்த்து வரையட்டுமா, கேப்டன்?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"கை எதுக்கு? மூஞ்சிய மட்டும் போடு."

வாசலில் நின்றுகொண்டிருந்த கெசியா சிரித்தாள். "ஒரு விரல் சும்மாவே கெடைக்குது, பேசாம வாங்கிக்கோங்க."

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் அது உண்மையில்லை. ஆரம்பித்தது புகையில்.

அடுத்த வசந்தத்தில் நான் வந்தபோது விளக்குப் புகை படத்தின் மேல் படிந்து, கேப்டனின் ஒரு புருவம் கரியோடு கரியாகப் போயிருந்தது. துடைத்தேன். கரியோடு புருவமும் வந்துவிட்டது. கேப்டனோ பசிபிக்கில் இருக்கிறார். ஆள் இல்லாதபோது ஓவியன் என்ன செய்வான்? சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்து, என் புருவத்தை அவருக்கு வைத்தேன். வார்னிஷ் பூசி மாட்டினேன். கெசியா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த வருஷம் கொஞ்சம் சாந்தமா இருக்காரு," என்றாள்.

இதை நான் எப்படி மறப்பேன், சொல்லுங்கள். அதற்கடுத்த வருஷம் மூக்கு. கேப்டனுடையது நீளமாக, நுனி வளைந்த மூக்கு. பார்த்தாலே அதட்டுவது போலிருக்கும். அதைக் கொஞ்சம் குறைத்து, என்னுடையதைப் போல நேராக்கினேன். பிறகு தாடை. பிறகு கண்ணின் நிறம். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது முட்டாள்தனம். வருஷத்துக்கு ஒன்று, அதுவும் சுத்தம் செய்கிற சாக்கில். ஊராருக்குப் பழக நேரம் கொடுக்க வேண்டும் அல்லவா?

அதற்குள் எனக்குக் கெசியா மேல் ஆசை வந்துவிட்டிருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவள் செய்கிற சிப்பிச் சூப்பும், சாயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே என்னோடு போடுகிற சண்டையும் இல்லாமல் எனக்கு வருஷம் ஓடவில்லை. அவள் காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்து, "எழுந்தாச்சா?" என்பாள். நான் வரைந்த ஒரு முகத்தைப் பார்த்து நானே வயிறெரிந்தேன். என் நிலைமையில் வேறு எவனாவது இருந்திருந்தால் படத்தைக் கிழித்திருப்பான். நான் பொறுமைசாலி.

நாலாவது வசந்தத்தில் ஃபீபி அத்தை என்னைத் தெருவில் நிறுத்தினாள். வெளிச்சத்துக்கு என் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏம்ப்பா லெமுவேல், உனக்குக் கேப்டன் ஜாடை இருக்குன்னு யாரும் சொன்னதில்லையா? அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கியே."

"அப்படியா அத்தை? நான் கவனிக்கவில்லையே," என்றேன்.

அந்த வருஷக் கடைசியில் கேப்டனுடைய 'கான்ஸ்டன்ஸ்' கப்பல் உடைந்துபோன செய்தி வந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை என்றார்கள். கெசியா நிஜமாகவே அழுதாள். அவளோடு நானும் அழுதேன், அதில் நடிப்பு எதுவும் இல்லை. பிறகு உரிய காலம் போனபின் உங்களுக்கு முன்னால் இருந்த போதகர் எங்களுக்குத் திருமணம் செய்து வைத்தார். படத்தைக் கழற்ற வேண்டாம் என்று நானே சொன்னேன். ஊர் என்னைப் பெருந்தன்மைக்காரன் என்றது. போனவர் ஜாடையிலேயே ஒருத்தர் கிடைத்தாரே என்று கெசியாவுக்காகச் சந்தோஷப்பட்டது.

இரண்டு வருஷம் நாங்கள் நன்றாக இருந்தோம். அதற்குப் பிறகு ஓர் இலையுதிர் காலத்தில், பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கேப்டன் டிரிப் வீட்டுக்கு வந்தார்.

ஏதோ ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறார். காய்ச்சலில் விழுந்து, பல்லெல்லாம் போய், வேறொரு கப்பலில் ஏறி, அங்கே பாய்மரக் கட்டை விழுந்து மூக்கு உடைந்து, தலை நரைத்து வந்திருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். முழுச் சிறப்பும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கடலும் தன் பங்கைச் செய்திருந்தது. ஆனாலும் பழைய படம் அப்படியே இருந்திருந்தால், அந்தக் கண்ணையும் தாடையையும் வைத்து ஊர் அவரைக் கண்டுபிடித்திருக்கும்.

தான்தான் டிரிப் என்று அவர் சொன்னதை யாரும் நம்பாததால், ஜெபக்கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் மூவர் விசாரித்தார்கள். இங்கிருந்து படத்தைக் கழற்றிக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் வைத்து, பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். பெரியவர்களுக்குத் தலைவர் ஹைரம் பீஸ். கயிற்றுக் கடைக்காரர், எதையும் இழுத்துப் பார்த்துத்தான் நம்புவார்.

"நீ கேப்டன்னா விரல் எங்கேப்பா? படத்துல அஞ்சும் இருக்கே."

"அது என் கையே இல்லய்யா," என்றார் கேப்டன். "வண்டியில தயாரா வெச்சிருந்த கை. அந்தக் கோட்டும் என்னுதில்ல. அப்படியொரு கோட்டை நான் போட்டதே கெடையாது. மூக்கும் என்னுது மாதிரி இல்ல."

"கோட்டு உன்னுதில்ல, கை உன்னுதில்ல, மூக்கும் உன்னுதில்ல. பின்ன எதுதாம்ப்பா உன்னுது, சுத்தி இருக்கற மரச்சட்டமா?"

ஜெபக்கூடமே சிரித்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம், ஐயா. கூடத்தில் இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அதே கை தொங்கிக்கொண்டிருந்தது. அது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கேப்டனுக்காக அதை ஒப்புக்கொண்டால் தங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதும் தாங்கள் இல்லை என்று ஆகிவிடும். அதற்கு யாரும் தயாராக இல்லை.

ஃபீபி அத்தையைக் கூப்பிட்டார்கள். கேப்டன் அவளிடம் கையை நீட்டினார். "அத்தை, நீங்கதான இதுக்குக் கட்டுப் போட்டீங்க? வலிக்குதுன்னு நான் கத்தினப்ப ரம் ஊத்திக் குடுத்தீங்களே."

அத்தை அந்தக் கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். "கட்டுப் போட்டது ஞாபகம் இருக்கு. ஆனா அது கப்பல் தச்சன் ஒருத்தன் இருந்தானே, அவன் வெரலா இருக்கும். கேப்டனுக்கு அஞ்சும் முழுசா இருந்துதே. நான்தான் தெனமும் பாக்கறேனே."

அவள் பொய் சொல்லவில்லை. ஏழு வருஷமாகத் தினமும் இங்கே வந்து உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து, தான் கட்டுப் போட்ட விரலைத் தானே முளைக்க வைத்துவிட்டாள். ஒரு மனிதனின் முகம் அவனிடம் இருப்பதில்லை, ஐயா, பிறரிடம்தான் இருக்கிறது. அவர்களோ அதைத் தாங்கள் கடைசியாகப் பார்த்த இடத்தில் தேடுகிறார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து நான் சொன்னது இவ்வளவுதான்: "கேப்டன் டிரிப்பை நேரில் உட்கார வைத்து வரைந்தவன் நான். இந்தப் படத்தில் இருப்பவர் இவர் இல்லை." இரண்டு வாக்கியம். இரண்டிலும் ஒரு பொய்யைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

கடைசியில் கெசியா. அவள் எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். படத்தைப் பார்க்கவே இல்லை, அவரைத்தான் பார்த்தாள். அவர், "கெஸ்ஸி" என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிறகு திரும்பி, "இவரு என் புருஷன் இல்ல," என்றாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது.

சனிக்கிழமைக்குள் ஊரைவிட்டுப் போகும்படி அவருக்குச் சொன்னார்கள். கெசியா, முன்னாள் கணவருடைய கம்பளிக் கோட்டையும் கடல் பூட்ஸையும் பரணிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுத்தனுப்பினாள். இரக்க சுபாவம். இரண்டும் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தின. அதெல்லாம் பொதுவான அளவுதான்.

கிளம்பும் நாள் காலையில் அவர் என் பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சாய மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லுங்க ஓவியரே. அன்னிக்கு உங்க முன்னாடி உக்காந்தது நான்தானா?"

"எனக்கு ஞாபகம் இருப்பது படம்தான்," என்றேன்.

"தீவுல கண்ணாடி கெடையாது. காய்ச்சல்ல எங்கூட டிரிப்னு ஒருத்தர் படுத்துக் கெடந்திருப்பாரோ, அவரு சொன்ன கதைய என் கதைன்னு புடிச்சுக்கிட்டேனோன்னு நேத்துலேர்ந்து தோணுது. ஊரே சொல்லுது. அவளும் சொல்லிட்டா." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் யாரு?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக வண்டியிலிருந்து ஓர் உடம்பை எடுத்து வைத்து, அவரை வெளிச்சத்தில் உட்காரச் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் வரைந்தேன். நரைத்த தலை, உடைந்த மூக்கு, எல்லாம் உள்ளபடி. கையைக்கூட அழித்துவிட்டுப் பாதி விரலோடு மறுபடி வரைந்தேன். நான் ஆளைப் பார்த்து வரைந்த ஒரே கை அதுதான். அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"இது நான்தான்," என்றார். "பேரு என்ன போடறது?"

கடல் வெளியே துப்பிய ஆள் என்பதால், வேதத்தில் மீன் கரையில் கக்கிய யோனாவின் பெயரை எழுதினேன். அவருக்குப் பிடித்திருந்தது. படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடலே இல்லாத பக்கமாக ஓஹாயோவுக்குப் போனார். அங்கே ஒரு மாவு மில்லில் வேலை, பிறகு மில்லே அவருடையது என்று கேள்வி. ஒரு மனிதனுக்கு முகமும் பெயரும் இனாமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

போன மாதம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த சாமான் வியாபாரி, யோனா இறந்துவிட்டார் என்று சொன்னான். சவப்பெட்டிக்கு மேல் அந்தப் படத்தைத்தான் வைத்திருந்தார்களாம். கேட்டதிலிருந்து கெசியா சரியாக இல்லை. நேற்று ஆராதனை முடிந்ததும் உங்களிடம் போய், தெரிந்தே கணவனைத் தெருவில் விட்டவள் தான்தான் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னாள்.

"அவரு கேட்டைத் தொறந்து உள்ள வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. தொப்பிய எடுத்துத் தொடையில ரெண்டு தட்டு தட்டிட்டு வந்தாரு. வேற யாரு அப்படி வருவா?"

"மூக்கு?" என்று கேட்டேன்.

"மூக்காவது காதாவது. முதல் வருஷம் புருவத்துல கை வெச்சீங்களே, அப்பவே பாத்துட்டேன். வசந்தம் வந்தா, இந்தத் தடவ எதை மாத்தப் போறாரோன்னு காத்துக்கிட்டு இருப்பேன். நீங்க வண்டியக் கட்டிக்கிட்டுப் போனதும் தனியா உக்காந்து சிரிப்பேன். இப்படி ஒரு பைத்தியக்கார மனுஷன் எனக்காக மெனக்கெடறாரேன்னு இருக்கும்."

"அப்புறம் ஏன் ஜெபக்கூடத்தில் அப்படிச் சொன்னாய்?"

அவள் அழுதாள். "எனக்கு நீங்கதான் வேணும்னு இருந்துது. அவ்வளவுதான். அவரு முகத்தப் பாத்துக்கிட்டே சொன்னேன், லெமுவேல். படத்தப் பாத்துச் சொல்லல. அந்தப் பாவம் என்னுது. சபையில நான்தான் நிக்கணும்."

அந்த ஆப்பிள் பையை இன்னும் தொடவே இல்லையே, ஐயா. ஆறிவிட்டது.

ஒரு பெண் இரண்டு பேரையும் நேருக்கு நேர் பார்த்து, தெரிந்தே என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டால் எந்த ஆணும் கூரையேறிக் குதிப்பான். எனக்கு நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. புருவம், மூக்கு, தாடை, கண், ஒவ்வொன்றுக்கும் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஊரே நம்பியது. ஹைரம் பீஸ் நம்பினார். கேப்டனே கடைசியில் நம்பினார். இத்தனை பேர் கண்ணையும் கட்டிய படம் இந்த ஒருத்தியிடம் மட்டும் பலிக்கவில்லை என்றால் அதில் அர்த்தமே இல்லை. துக்கத்தில் எதையோ உளறுகிறாள், அவ்வளவுதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்னையே கூப்பிடுங்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன். படத்தையும் கொண்டுவருகிறேன், பின்வரிசையில் இருப்பவர்களும் பார்க்கட்டும். கெசியா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நல்லவள்தான், பாவம், அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது.